கண்டிக்குப் போன மூன்று தூதர்கள்

அந்தக் காலத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைக் கரையில் பாய்க்கப்பல் நிறுத்த வழி இருந்ததில்லை. வடகீழ்ப் பருவக்காற்று கரையை நோக்கி அடிக்கும். சோழமண்டலக் கரை நெடுகிலும் பெரிய போர்க்கப்பல் ஒதுங்க ஒரு குடா கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்படை அந்த மாதங்களில் பம்பாய்க்குப் போய்ப் பழுதுபார்த்துக்கொண்டு திரும்பும். அதுவரை வங்காள விரிகுடாவுக்குக் காவல் இல்லை. எந்தக் காற்றிலும் போர்க்கப்பல் அணி நிற்கக்கூடிய பெருந்துறை அந்தப் பக்கத்தில் திருகோணமலை ஒன்றுதான். அதை வைத்திருந்தவர்கள் ஒல்லாந்தர். ஆசைப்பட்டவர்கள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும். தன்னுடையது என்று சொன்னவர் கண்டியரசர். துறையைச் சுற்றிய வயலையும் காட்டையும் அன்றாடம் ஆண்டவர்களோ வன்னியனார்கள். பள்ளிக்கூட வரலாறு பெரும்பாலும் முதல் நால்வரோடு நின்றுவிடும்.

திரியாய் இந்த ஐந்தாமவரின் பக்கத்து ஊர். நிலாவெளி, குச்சவெளி கடந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் வருவது. வயலும் குளமும் காடும், கிழக்கே கடலும். ஊர்க் குன்றில் பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிப் பாறைக் கல்வெட்டு உண்டு. வணிகர் கூட்டத்தார் எழுப்பிய கிரிகண்டி சைத்தியத்தைப் பற்றியது அது. அந்நியக் கப்பல் இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பதற்கு ஆயிரம் ஆண்டைத் தாண்டிய சாட்சி. திருகோணமலை நாடு பழைய கணக்கில் நான்கு பற்று: திருகோணமலைப்பற்று, கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று. திரியாய் கடைசிப் பற்றில் அடங்கும். அதற்கு வடக்கே கொக்கிளாய்க் களப்பு, அப்பால் முல்லைத்தீவு வன்னி.

பற்றுகளை ஆண்ட வன்னியனார்களுக்கு எப்போதும் மேலே ஒருவர் இருந்தார். சில காலம் இருவர். உள்நாட்டிலிருந்து கண்டியின் மாகாண அதிகாரியான திசாவை திறை கேட்பார். கடற்கரைக் கோட்டையிலிருந்து ஐரோப்பியத் தளபதி விசுவாசச் சத்தியம் கேட்பார். இருவருக்கும் இவர்களை விட்டால் வழியில்லை. கோட்டைக்குள் நெல் விளையாது. அரிசி, இறைச்சி, மரம், சுமைகூலியாள் எல்லாம் பற்றிலிருந்துதான் போகவேண்டும். கண்டிக்குப் போகும் காட்டுப் பாதையும் இவர்கள் கையில். இந்தத் தேவைதான் அவர்களுடைய முதல். பீரங்கி அவர்களிடம் இல்லை.

ஐரோப்பியரை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடும் ஆட்டத்தைப் பெரிய அளவில் ஆடியது கண்டி. 1620இல் ஓவ கேட என்பவர் தலைமையில் டேனியக் கப்பல்கள் வந்தபோது, போர்த்துக்கேயருக்கு எதிராகச் செனரத் மன்னர் அவர்களோடு உடன்படிக்கை செய்தார். அது நிலைக்கவில்லை. டேனியர் அதே ஆண்டு தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றுக்கொண்டார்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரை அழைத்துவர, 1639இல் அந்தக் கோட்டை விழுந்தது. அழைத்துவந்த விருந்தாளி திரும்பிப் போகமாட்டான் என்பது அவருக்குப் புரியச் சில ஆண்டுகள் பிடித்தன. 1660இல் பாய்மரம் முறிந்து கொட்டியாரக்குடாவுக்கு வந்த ஆங்கிலக் கப்பலின் ஆட்களை மன்னரின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவரான ரொபர்ட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டு கண்டி நாட்டில் இருந்து தப்பி எழுதிய நூலைத்தான் இன்றும் படிக்கிறோம்.

1672இல் பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹே பெரிய கப்பற்படையோடு திருகோணமலைக்கு வந்தார். இராஜசிங்கனுக்கு மறுபடி நம்பிக்கை. கொட்டியாரக்குடாவைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். அங்கிருந்து கண்டிக்குப் போன தூதர் தெ லனரோல், அரண்மனை மரியாதையை மதிக்காமல் நடந்து சிறைப்பட்டார். ஒல்லாந்தர் வந்து பிரெஞ்சுக்காரரை விரட்ட, தூதர் கண்டியிலேயே தங்கிப்போனார். இலங்கையில் இன்றும் இருக்கும் லனரோல் குடும்பப் பெயர் அவர் வழி வந்தது. ஓர் அரச தந்திரத் தோல்வி இவ்வளவு காலம் நீடித்த வேறு எச்சத்தை விட்டுப்போனதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நூற்றாண்டில் இந்தத் துறைவழியே ஆங்கிலேயர் மூன்று முறை கண்டிக்குத் தூது போனார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும்.

முதல் தூதர் ஜோன் பைபஸ், 1762. கண்டியில் அப்போது கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், நாயக்கர் மரபினர். ஒல்லாந்தரோடு போர் நடந்துகொண்டிருந்தது. அவரே சென்னைக்கு ஆளனுப்பி உதவி கேட்டிருந்தார். பைபஸ் மே மாதம் வந்து இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்குப் போனார். இரவு வேளையில் தீவட்டி வெளிச்சத்தில் பேட்டி. திரைகள் விலக விலக முழந்தாளிட்டு முன்னேற வேண்டும். அந்த அவமானத்தைப் பைபஸ் தம் குறிப்பில் மறக்காமல் பதிந்தார். மன்னருக்கு வேண்டியது ஒல்லாந்தருக்கு எதிரான படை உதவி. அதற்கு ஈடாக வியாபாரத் தளம் கொடுக்கவும் ஆயத்தம். பைபஸிடம் கையெழுத்திடும் அதிகாரம் இல்லை. ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் ஒல்லாந்துக்கும் அப்போது சமாதானம். சென்னைக்காரர்கள் வேவு பார்க்கத்தான் ஆளனுப்பினார்கள் என்று சொன்னால் அநியாயமாகாது. அதன் விலையைக் கண்டி 1766இல் கொடுத்தது. பெப்ரவரியில் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையில் தீவைச் சுற்றிய கடற்கரை முழுவதும் கைமாறியது. பற்றுகளின் வன்னியனார்களுக்கு இருந்த இரண்டு மேலாளரில் ஒருவர் அன்றோடு காகிதத்தில் இல்லாமல் போனார்.

இரண்டாவது, 1782. ஒல்லாந்து இப்போது இங்கிலாந்தின் எதிரி. சனவரியில் அட்மிரல் ஹியூஸ் திருகோணமலையைப் பிடித்தார்; அடுத்த மாதமே சென்னை ஆளுநர் மக்கார்ட்னி அனுப்பிய ஹியூ பொய்ட் கண்டிக்குப் புறப்பட்டார். இந்த முறை கேட்பவர்கள் ஆங்கிலேயர். புதிதாகப் பட்டமேறியிருந்த இராஜாதிராஜசிங்கனின் அரசவை பைபஸ் கதையை மறக்கவில்லை. தேவைப்பட்டபோது கைவிட்டீர்கள், இனிக் கிழக்கிந்தியக் கம்பனியோடு பேச்சில்லை, உங்கள் அரசரே தூது அனுப்பட்டும் என்பது பதிலின் சாரம். பொய்ட் வெறுங்கையோடு கடலில் திரும்பும்போது பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டார். ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் திருகோணமலையைப் பறித்தார். ஒரே ஆண்டில் ஒரே கோட்டைக்கு மூன்று கொடி. பின்னர் சமாதானம் வந்து, மறுபடி ஒல்லாந்தர் கைக்கே போனது.

திரும்பிவந்த ஒல்லாந்தர் பற்றுகளை முன்போல் தூரத்திலிருந்து பார்க்கவில்லை. 1786இல் திருகோணமலைத் தலைவர் வான் செண்டன் ஊர் ஊராகச் சுற்றிக் குளம், வயல், குடிகள் பற்றி நாட்குறிப்பு எழுதினார். நெல்லைப் பெருக்குவது நோக்கம். படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு: வன்னியனார் மட்டும் அறிந்திருந்த விவரம் இனி கோட்டையின் ஏட்டிலும் ஏறிவிட்டது.

மூன்றாவது தூதர் ரொபர்ட் ஆன்ட்ரூஸ், 1795. பிரெஞ்சுப் படை ஒல்லாந்தை விழுங்கியிருந்தது. ஆங்கிலேயர் ஆகஸ்ட் முடிவில் திருகோணமலையைப் பிடித்தார்கள். ஆன்ட்ரூஸ் கண்டிக்குப் போனார். கண்டித் தூதர்கள் சென்னைக்குப் போனார்கள். 1796 பெப்ரவரி 12இல் சென்னையில் கையெழுத்தான உடன்படிக்கையில் கண்டிக்கு உப்புக்கும் மீனுக்கும் கடற்கரையில் இடம் தர இணங்கியிருந்தார்கள். 1766க்குப் பிறகு கடலுக்குத் திறந்த முதல் கதவு அது. நான்கு நாளைக்குள் கொழும்பும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. மன்னர் இன்னும் கூடக் கேட்டு, உடன்படிக்கையை ஏற்காமல் விட்டார். கையில் வந்ததை வாங்கியிருக்கலாமே என்று இன்று சொல்வது எளிது. பேரம் பேச இன்னொரு ஐரோப்பியன் தீவில் இல்லை என்ற செய்தி பழைய கணக்கில் வளர்ந்த ஓர் அவைக்குப் பிடிபட நாளாகும்.

இதே காலத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கில் கிரீக் மக்களும் இதே ஆட்டத்தில் இருந்தார்கள். அவர்களுடைய தலைவர் அலெக்சாண்டர் மக்கிலிவ்ரே: தந்தை ஸ்கொட்லாந்து வணிகர், தாய் வழியில் கிரீக். 1784இல் பென்சகோலாவில் ஸ்பெயினோடு உடன்படிக்கை. 1790இல் நியூயோர்க் போய் வாஷிங்டன் அரசோடு இன்னொன்று. அதன் இரகசியப் பிரிவுகளில் அவருக்குப் படைத் தலைவர் பட்டமும் ஆண்டுக்கு 1,200 டொலரும். ஸ்பெயினிடமும் சம்பளம் வாங்கினார். காட்டிக்கொடுப்பு என்று அதைத் தள்ளிவிட முடியாது. இரண்டு பக்கமும் தேவைப்படும்வரை நிலம் கையில் இருந்தது. அவர் 1793இல் இறந்தார். 1795இல், திருகோணமலை விழுந்து இரண்டு மாதத்துக்குள், ஸ்பெயின் அமெரிக்காவோடு எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொண்டு பின்வாங்கத் தொடங்கியது. 1814இல் கிரீக் மக்கள் ஏறத்தாழ 2.3 கோடி ஏக்கரை இழந்தார்கள்.

இங்கே 1803இல் வன்னித் தலைவர் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தபோது, அவரை அடக்க அனுப்பிய படைகளில் ஒன்று திருகோணமலையிலிருந்து வடக்கே போனது. அக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் அவர் தோற்றார். 1815இல் கண்டி முடிந்தது. கடைசி மன்னரை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். திருகோணமலைப் பற்றுகளில் மட்டும் வன்னியனார் என்ற பெயர் மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. கட்டுக்குளப்பற்று வன்னியனார் அப்போது அரசாங்கம் நியமித்த தலைமைக்காரர். அரசாங்க அதிபரின் கட்டளைக்குக் கீழே வேலை பார்த்தார்.