விதைக்கடலையும் போதையும்

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து உழவர், கடலை விளைந்ததும் விதைக்கென ஒரு பங்கை ஒதுக்குவர்; வறுமை வந்தாலும் அதை எளிதில் தொடார். நாளைய நன்மைக்காக இன்றைய ஆசையை அடக்கும் இவ்வாற்றலையே கொக்கேயின், மெத்தாம்பெட்டமின் போன்ற கிளர்ச்சிப் பொருள்கள் சிதைக்கின்றன.

மூளையில் ஊக்கம் தரும் டோபமைனை இவை அளவிறந்து பெருக்குகின்றன. நாளடைவில், ‘சற்றுப் பொறு’ என்று தடுக்கும் முன்மூளையின் பிடி தளர்கிறது. 1994-இல் அயோவா பல்கலைக்கழக அறிஞர் நான்கு சீட்டுக்கட்டுகளால் ஒரு சோதனை வகுத்தனர். இரண்டு கட்டுகளில் உடனே பெருவரவு, பின்னர் அதனினும் பெரிய இழப்பு. மற்ற இரண்டில் சிறுவரவு, முடிவில் இலாபம். பிறர் பெரும்பாலும் ஆடஆடத் தெளிந்து மாறினர். இப்பொருள்களுக்கு அடிமையானோர் பலர் இழக்கும் கட்டுகளையே நாடியதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

ஆகவே நேயர்களே, ‘பத்தாண்டில் அழிவாய்’ என்னும் எச்சரிக்கை அவர்கள் உள்ளத்தைத் தைப்பதில்லை. போதைப்பொருள் உட்கொள்ளவில்லை எனச் சோதனையில் தெரிந்த அன்றே சிறு பரிசளிக்கும் மருத்துவமுறை நற்பயன் தருகிறது. வகுப்பறையில் நான் கண்டதும் இதுவே: ஆண்டிறுதித் தேர்வைக் காட்டி மிரட்டுவதினும், இன்றைய பாடத்தை இன்றே பாராட்டுவது மாணவனை நிமிர்த்தும். வசைமொழியை விடுத்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்களை அழைத்துச் செல்லுதல் உற்றார் கடன்.