பத்து இலட்சம் கையொப்பங்கள்

கூத்துக்கு உயிர் கொடுப்பவன் கூத்தாடி. அதற்கு ஆயுள் கொடுப்பவர்கள் பார்ப்பவர்கள். பார்ப்பவர் இல்லாத மேடை மறுநாளே வெறும் பலகையாகிவிடும். ஆகவே, ஒரு நிகழ்ச்சி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றதென்றால், அதன் நேயர்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று விசாரிப்பது வீண்வேலையன்று. அவ்வாறு விசாரிக்கத் தகுந்தது, இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சியில் வெளிவந்த ‘டாப் கியர்’ என்னும் மோட்டார் நிகழ்ச்சி. நம் இல்லங்களிலும் இளைஞர் சிலர் அதனைக் கண்டு களித்திருப்பர். ‘எவனோ கார் ஓட்டுவதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?’ என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். காரில் ஒன்றும் இல்லாமற் போகலாம். ஆனால் அதைப் பார்த்தவர்களின் மனப்போக்கில் நாம் கவனிக்க வேண்டியது நிரம்ப உண்டு.

பயன் கருதிய காலம்

1977-ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரிலிருந்து, சுற்றுவட்டார மக்களுக்கான மாத நிகழ்ச்சியாக டாப் கியர் தொடங்கிற்று. ஆஞ்ஜெலா ரிப்பன் அம்மையாரும் டாம் காய்ன் என்பவரும் அதனை நடத்தினர். மறு ஆண்டே அது நாடு முழுவதும் தெரியும்படி ஒளிபரப்பாயிற்று. புதிய வண்டியின் குணதோஷங்கள், எண்ணெய்ச் செலவு, சாலைப் பாதுகாப்பு, பழைய வண்டி வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை ஆகிய இவையே அந்நாளில் அதன் உள்ளடக்கம். வாழ்நாளில் இரண்டு மூன்று கார்களே வாங்கக்கூடிய சாதாரணக் குடும்பத்தலைவர், பணத்தைக் கொட்டிக் கொடுக்கும் முன் யோசனை கேட்கும் நண்பனாக அதனைக் கருதினார்.

1988-இல் ஜெரிமி கிளார்க்சன் என்னும் பத்திரிகையாளர் அதில் சேர்ந்தார். வண்டி நன்றாயில்லை என்று பட்டால், பூசி மெழுகாமல் அப்படியே சொல்வது அவருடைய பாணி. அதனை விரும்பியவர்கள் மிகுதி, வெறுத்தவர்களும் உண்டு. 1999-இல் அவர் விலகிய பின் நேயர் தொகை குறைந்தது. 2001-இல் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

வேடிக்கையாக மாறிய விதம்

2002 அக்டோபரில் அது புதுக்கோலம் பூண்டு மீண்டும் வந்தது. கிளார்க்சனும், தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் அதற்குக் காரணர். ஸர்ரே மாவட்டத்தில் டன்ஸ்ஃபோல்டு என்னுமிடத்திலுள்ள பழைய விமானத்தளம் பந்தயத் தடமாயிற்று. ரிச்சர்டு ஹாமண்டும், அடுத்த ஆண்டு ஜேம்ஸ் மேயும் துணை சேர்ந்தனர். தலைக்கவசத்தால் முகம் மறைத்த ‘ஸ்டிக்’ என்னும் மர்ம ஓட்டுநர் ஒருவர். விலை மலிந்த காரில் தடத்தைச் சுற்றிவரும் பிரபல விருந்தாளி. முடிவில்லாத சண்டையும் கேலியுமாய் மூன்று நண்பர்கள். இதுவே புது டாப் கியர்.

2003-இல் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியைக் கடல் அலையில் மூழ்கடித்தார்கள், தீயிட்டார்கள், உயர்ந்த கட்டடம் ஒன்றின் உச்சியில் ஏற்றிவைத்துக் கட்டடத்தையே தகர்த்தார்கள். இடிபாட்டிலிருந்து எடுத்துப் பழுது பார்த்த பின்னும் அது ஓடிற்று. இதைக் கண்ட நேயர்கள் இரு கட்சியாயினர். ‘இது மோட்டார் நிகழ்ச்சியே அன்று, எங்கள் பணத்தில் நடக்கும் சிறுபிள்ளை விளையாட்டு’ என்றது ஒரு கட்சி. ‘ஒரு வண்டியின் உறுதியை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?’ என்றது மறு கட்சி.

‘எங்கள் பணத்தில்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டில் தொலைக்காட்சி பார்க்கும் ஒவ்வொரு வீடும் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும்; பி.பி.சி. நடப்பதும் அதைக் கொண்டுதான். நம் நாட்டிலும் வானொலிப் பெட்டிக்காக அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்திய காலம் இருந்ததை மூத்தோர் அறிவர். பணம் கொடுத்தவர் கேள்வி கேட்பது நியாயமே. சிறிய கார் வாங்க எண்ணுகிறவருக்கு வழிகாட்டாமல், கோடீசுவரர் மட்டுமே வாங்கத்தக்க வண்டிகளையே காட்டுவது ஏன் என்பது அவர்களுடைய தலையாய குறை. ஆனால் அதே கட்டணத்தைச் செலுத்தியவர்களே ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் பிள்ளை குட்டிகளோடு அமர்ந்து வயிறு குலுங்கச் சிரித்ததும் உண்மை. காரைப் பற்றி ஒன்றுமே அறியாதவர்களும் அந்த மூவரின் தோழமைக்காகப் பார்த்தார்கள்.

அந்த அன்பு வெறும் பேச்சளவில் நின்றதன்று. 2006 செப்டம்பரில், ஜெட் விசையால் ஓடும் வண்டியொன்றை யார்க் நகரருகே ஹாமண்டு ஓட்டியபோது, மணிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தின் டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தது. மூளையில் அடிபட்ட அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது, நன்கொடையால் இயங்கும் யார்க்ஷயர் வான் ஆம்புலன்ஸ் ஊர்தி. செய்தி கேட்ட நேயர்கள் தாமாகவே திரட்டி அந்த அமைப்புக்கு அளித்த தொகை ஒரு இலட்சம் பவுனுக்கும் மேற்பட்டது. நேயர் கருத்து என்பது வாய்ச்சொல் மட்டுமன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

உண்மை எவ்வளவு, நாடகம் எவ்வளவு?

நேயர்களை வாட்டிய இன்னொரு கேள்வி, காண்பதெல்லாம் மெய்தானா என்பது. மின்சாரத்தில் ஓடும் டெஸ்லா காரை 2008-இல் சோதித்துக் காட்டினார்கள். மின்கலம் தீர்ந்து வண்டியைத் தள்ளிச் செல்வது போன்ற காட்சி அதில் இடம்பெற்றது. வண்டி அவ்வாறு நிற்கவேயில்லை என்று டெஸ்லா நிறுவனம் வழக்குத் தொடுத்தது; 2013-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. பந்தயத் தடத்தில் விரட்டி ஓட்டும் வண்டியையும் பொதுச்சாலையில் செல்லும் வண்டியையும் ஒப்பிடலாகாது என்பது விவேகமுள்ள நேயருக்குத் தெரியும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. நேயரின் அறிவில் சட்டம் வைத்த நம்பிக்கை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், ‘இப்படி நடந்திருக்கக்கூடும்’ என்பதை ‘இப்படி நடந்தது’ என்பதுபோல் காட்டலாமா என்று கேட்ட நேயர்களின் வாயை அந்தத் தீர்ப்பு அடைக்கவில்லை.

நம் நாட்டுக்கு வந்தபோது

2011 டிசம்பரில் ஒளிபரப்பான இந்தியச் சிறப்பு நிகழ்ச்சி நம்மை நேரே தொட்டது. பிரிட்டனின் வியாபாரத்தை வளர்க்க வந்த தூதுக்குழுபோல் மூவரும் மூன்று பழைய பிரிட்டிஷ் கார்களில் நம் நாட்டைச் சுற்றினர். கிளார்க்சன் தம் ஜாகுவார் காரின் பின்புறத்தில் கழிப்பறைக் கோப்பை ஒன்றைப் பொருத்திக்கொண்டு, இந்தியாவுக்கு வருகிறவர்களின் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பரிகாசம் செய்தார். ரெயில் வண்டியொன்றின் பக்கவாட்டில் விளம்பரத் துணிகளைக் கட்டினார்கள். பெட்டிகள் பிரிந்தபோது துணி கிழிந்து, எஞ்சிய எழுத்துக்கள் ஆபாசப் பொருள் தந்தன. அப்படி நேரும்படிதான் அவை எழுதப்பட்டிருந்தன.

2012 ஜனவரியில் இலண்டனிலுள்ள இந்தியத் தூதரகம் பி.பி.சி.க்குத் தன் அதிருப்தியை எழுதித் தெரிவித்தது. ஒரு நாட்டை உள்ளபடி காட்டுவது வேறு, இழிவுபடுத்துவது வேறு என்று பி.பி.சி. சமாதானம் கூறிற்று. நேயர்களிடையேயும் கருத்து ஒன்றாயில்லை. மூவரும் தங்கள் அசட்டுத்தனத்தைத்தானே காட்டிக்கொண்டார்கள், இதற்குக் கோபிப்பதா என்றனர் சிலர். விருந்துக்கு வந்தவன் வீட்டு முற்றத்தைப் பழிப்பதா என்றனர் வேறு சிலர்.

இரு பக்கத்திலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. மலைப்பாதைகளின் அழகையும் சாலைகளின் நெரிசலையும் அந்த நிகழ்ச்சி மறைக்காமல் காட்டிற்று. ஆனால் நகைச்சுவைக்கு ஒரு சோதனை உண்டு: சிரிக்கப்படுகிறவரும் கூடச் சிரிக்க முடிகிறதா? மாற்றார் ஊரில் குடியேறி, மொழியையும் உடையையும் உணவையும் பற்றிய பரிகாசங்களை அவ்வப்போது கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இந்தச் சோதனை புதிதன்று. கேலியில் சிநேகம் இருக்கிறதா, இளக்காரம் இருக்கிறதா என்பதைக் காது உடனே அறிந்துவிடுகிறது. அதே 2011-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மெக்ஸிகோ மக்களைச் சோம்பேறிகள் என்று பழித்ததற்காக பி.பி.சி. மன்னிப்புக் கோர நேர்ந்ததையும் இங்கு நினைக்கவேண்டும்.

இருவகைக் குறைகள்

நான் ரெயில்வேயில் குமாஸ்தா. புகார்ப் புத்தகம் எங்கள் தொழிலில் பழகிய பொருள். வண்டி வேளைக்கு வந்ததென்று மகிழ்ந்து அதைக் கேட்டு வாங்கி எழுதுகிறவர் மிக அரியர். குறை எழுதுகிறவரிலும் இரு வகை உண்டு. ‘மூன்றாம் பிளாட்பாரத்துக் குழாயில் நீர் வரவில்லை’ என்று எழுதுகிறவர் ஒருவர். ‘எல்லாமே கெட்டுப்போயிற்று’ என்று எழுதிக் கையொப்பமிடுகிறவர் மற்றொருவர். முதல்வர் எழுத்தைக் கொண்டு குழாயைச் செப்பனிடலாம்; மற்றவர் எழுத்தைக் கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. டாப் கியர் பற்றிய அபிப்பிராயங்களும் இவ்விதமே. ‘சிறிய கார்களைக் காட்டுங்கள்’, ‘சோதனையையும் நாடகத்தையும் பிரித்துச் சொல்லுங்கள்’ என்றவர்கள் உதவி செய்தார்கள். ‘அந்தக் காலத்து நிகழ்ச்சி போல் வராது’ என்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள், அவ்வளவே.

எண்ணிக்கையும் நியாயமும்

2015 மார்ச்சு 4-ஆம் நாள். யார்க்ஷயரில் படப்பிடிப்பு முடிந்து ஹோட்டலுக்குத் திரும்பிய கிளார்க்சன், அந்நேரத்தில் சூடான உணவு இல்லை என்றறிந்து, உடன் பணியாற்றிய தயாரிப்பாளர் ஒருவரை வாயில் வந்தபடி ஏசினார், பின்னர் அடித்தார். அடிபட்டவர் திருப்பி அடிக்கவில்லை. உதடு கிழிந்து ஆஸ்பத்திரிக்குச் சென்றார். மார்ச்சு 10-ஆம் நாள் கிளார்க்சன் தற்காலிகமாக நீக்கிவைக்கப்பட்டார்.

உடனே நேயர் உலகம் கொதித்தெழுந்தது. அவரைத் திரும்ப அழைக்கக் கோரும் மனுவில் பத்து நாட்களுக்குள் பத்து இலட்சம் பேருக்கு மேல் கையொப்பமிட்டனர். ஸ்டிக் போல வேடமிட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு, டாங்கி போன்ற இராணுவ வண்டியொன்று அந்த மனுவை இலண்டனில் பி.பி.சி. வாயிலுக்கே கொண்டு சென்றது. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நேயர்கள் இவ்வளவு பெருந்திரளாய்க் குரல் எழுப்பியது அபூர்வம்.

ஆனால் மார்ச்சு 25-ஆம் நாள், அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று பி.பி.சி.யின் தலைமை இயக்குநர் டோனி ஹால் அறிவித்தார். பதவியையோ வருமானத்தையோ பார்த்து ஆளுக்கொரு நீதி வழங்க முடியாது என்பது அவர் கூறியதன் சாரம். உலகெங்கும் விற்பனையாகிப் பெரும்பொருள் ஈட்டித் தந்த நிகழ்ச்சி அது. அதனைப் பணயம் வைத்தே இம்முடிவு எடுக்கப்பட்டது.

அந்தப் பத்து இலட்சம் பேரும் கெட்டவர்கள் அல்லர். தங்களைச் சிரிக்க வைத்தவரிடம் கொண்ட நன்றியைத் தெரிவித்தார்கள். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி ‘நிகழ்ச்சி நன்றாயிருந்ததா?’ என்பது, முடிவு செய்ய வேண்டிய கேள்வியோ ‘வேலை செய்யும் இடத்தில் ஒருவரை அடிக்கலாமா?’ என்பது. முதற்கேள்விக்கு விடை சொல்ல நேயருக்கு முழு உரிமை உண்டு. இரண்டாவதற்கு விடை எண்ணிக்கையால் அமைவதன்று. சிலர் அடிபட்டவரையே வசைபாடத் தலைப்பட்டபோது, அவரை விட்டுவிடுங்கள், அவர்மீது குற்றமில்லை என்று கிளார்க்சனே சொல்ல நேர்ந்தது. 2016-இல் இழப்பீட்டுடன் அவரிடம் மன்னிப்பும் கோரினார். மேலாளருக்குக் கீழ் வேலை பார்த்துப் பிழைக்கும் நம் போன்றவர்க்கு அந்தத் தயாரிப்பாளர் அந்நியரல்லர்.

பிறகு நடந்தவை

மூவரும் வெளியேறி, அமேசான் நிறுவனத்துக்காக ‘தி கிராண்ட் டூர்’ என்னும் நிகழ்ச்சியை 2016 முதல் 2024 வரை நடத்தினர். டாப் கியரோ கிறிஸ் எவன்ஸ் என்பவருடன் 2016-இல் தொடர்ந்தது. ஒரே தொடரில் அவர் விலகினார். மாட் லெபிளாங் என்னும் அமெரிக்க நடிகர் நடத்தியபோது நேயர்களின் கோபம் சற்றுத் தணிந்தது. 2019-இல் கிரிக்கெட் வீரர் ஃபிளின்டாஃப், நகைச்சுவையாளர் பாடி மக்கின்னெஸ், கிறிஸ் ஹாரிஸ் ஆகியோர் கூடியபோது ‘பழைய உற்சாகம் திரும்பிற்று’ என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் 2022 டிசம்பரில் டன்ஸ்ஃபோல்டில் நேர்ந்த விபத்தில் ஃபிளின்டாஃப் முகத்தில் கொடுங்காயமுற்றார். 2023 நவம்பரில், நிகழ்ச்சி இனி வரையறையின்றி ஓய்வெடுக்கும் என்று பி.பி.சி. அறிவித்தது.

அந்த மூவரின்றி டாப் கியர் உடனே அழியும் என்றவர்களின் கூற்றுப் பலிக்கவில்லை. யார் நடத்தினாலும் ஒன்றுதான் என்றவர்களின் கூற்றும் பலிக்கவில்லை. இறுதியில் அதை நிறுத்தியது நேயரின் வெறுப்பு அன்று. ஒரு மனிதரின் உடலுக்கு நேர்ந்த ஊறு. வேடிக்கைக்காக ஒருவர் எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதை, பார்த்து இரசித்த நாமும் சிந்திக்க வேண்டியவர்களே.

அபிப்பிராயம் சொல்வது இன்று எளிதாகிவிட்டது. விரல் நுனியில் முடிந்துவிடுகிறது. நமக்குப் பிடித்த நடிகரோ பாடகரோ தலைவரோ தவறிழைக்கும்போது, அவருக்காகக் கையொப்பம் கேட்டு யாரேனும் நம்மிடமும் வரக்கூடும். அப்பொழுது, அவர் நமக்குத் தந்த மகிழ்ச்சியை ஒரு தட்டிலும், அவரால் துன்புற்றவரின் பெயரை மறு தட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது.