வேட்கையும் அளவும்



உங்களைப் போன்ற இளைஞர்களுக்கு இருவகை அறிவுரைகள் ஓயாமல் வழங்கப்படுகின்றன. உயர்ந்ததையே எண்ணி அல்லும் பகலும் உழையுங்கள் என்பது ஒன்று. எதிலும் மிகையாதல் வேண்டா, உடலையும் உள்ளத்தையும் ஓம்புங்கள் என்பது மற்றொன்று. இரண்டும் நல்லுரைகளே. ஆனால் இரண்டையும் ஒருங்கே மேற்கொள்வது எப்படி என்பதைச் சொல்வோர் சிலரே. உயர்வேட்கை உடையவன் அளவோடு வாழ இயலுமா? அளவோடு வாழ்பவன் அரிய செயலை முடிக்க இயலுமா? இவ்வினாவைப் பற்றியே இன்று உங்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில் ஒரு நூல் எழுதத் தொடங்கினேன். இரண்டே ஆண்டுகளில் அதனை முடித்துப் பெயர் பெற வேண்டும் என்பது என் அவா. நள்ளிரவு கடந்தும் என் அறை விளக்கு அணையாது. காலையில் சிவந்த கண்களோடு வகுப்புக்குச் செல்வேன். அந்நாளில் மாணவன் ஒருவன் பாடத்தில் எழுந்த ஐயத்தைக் கேட்க மூன்று முறை என்னிடம் வந்தான். மூன்று முறையும் ‘நாளை வா’ என்று அனுப்பிவிட்டேன். நான்காம் முறை அவன் வரவில்லை. ஆண்டுத் தேர்வில் தவறினான். பின்னர்ப் படிப்பையே விட்டுவிட்டான்.

நூல் வெளிவந்தது. அச்சில் படித்தபொழுது பிழைகள் பல கண்ணில் பட்டன. எழுதும் நேரத்தைத் தாளின் ஓரத்தில் குறித்து வைப்பது என் வழக்கம். கையெழுத்துப் படியை எடுத்துப் பார்த்தேன். பிழைகளுள் பெரும்பாலானவை நள்ளிரவுக்குப் பின் எழுதிய தாள்களில் இருந்தன. அவற்றையெல்லாம் மறுபதிப்பில் திருத்திவிட்டேன். அம்மாணவனிடம் ‘நாளை வா’ என்று சொன்னதைத் திருத்துவதற்கு எனக்கு ஒரு மறுபதிப்பு வாய்க்கவில்லை.

மனம் நொந்திருந்த அந்நாட்களில், இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வினின் வாழ்க்கையைப் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. 1831 முதல் 1836 வரை ‘பீகிள்’ என்னும் கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். உயிரினங்கள் எங்ஙனம் மாறுகின்றன என்னும் பெருவினாவுக்கு விடை காண வேண்டும் என்பது அவருடைய வேட்கை. அதனினும் பெரிய வேட்கை ஒருவனுக்கு இருத்தல் அரிது. அத்தகையவர் நாள்தோறும் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று நினைக்கிறீர்கள்?

1842-இல் அவர் கென்ட் பகுதியில் உள்ள டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கே அவர் நடத்திய நாளை அவருடைய மைந்தர் பிரான்சிஸ் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை ஆராய்ச்சி, பிறகு கடிதங்கள், மீண்டும் பத்தரை மணி முதல் நண்பகல் வரை ஆராய்ச்சி. அத்துடன் அன்றைய வேலையின் பெரும்பகுதி முடிந்தது. பின்னர் வீட்டை அடுத்த மணற்பாதையில் உலாவுவார். எத்தனை சுற்று வந்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தால் சிந்தனை கலையும். ஆகவே வழியில் சில கற்களைக் குவித்து வைத்து, சுற்றுக்கு ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார். மாலையில் மேலும் ஒரு மணி நேரம் வேலை. இரவு உணவுக்குப் பின் மனைவியாருடன் இரண்டு ஆட்டம் பலகை விளையாட்டு. 1876-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அதுவரை மனைவியார் வென்ற ஆட்டங்கள் 2,490 என்றும், தாம் வென்றவை 2,795 என்றும் களிப்போடு கணக்குக் கூறுகிறார்!

நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேர ஆராய்ச்சி, அவ்வளவே. ஆனால் அந்த நான்கு மணி நேரம் தெளிந்த மனத்தின் நேரம். அது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. கடற்பாறைகளிலும் கப்பலின் அடியிலும் ஒட்டி வாழும் சிற்றுயிர்களை ஆராய்வதற்கு மட்டும் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளைச் செலவிட்டார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய பெருநூல் 1859-இல் வெளிவந்தது. கடல் கடந்து ஊர் திரும்பி இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்!

இங்கே நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். ‘டார்வினுக்குத் தந்தையார் வழிச் செல்வம் இருந்தது, உடல்நலம் குன்றியிருந்தமையால் அளவோடு உழைத்தார். வயிற்றுப் பிழைப்புக்கு வேலை செய்ய வேண்டிய எங்களுக்கு அவர் எங்ஙனம் வழிகாட்டியாவார்?’ இத்தடை நியாயமானதே. இதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். பழந்தமிழ்ப் பெருநூல்களைத் தேடும் வேட்கை அச்சந்திப்பில் பிறந்தது. அதற்காக அவர் வேலையைத் துறந்தாரில்லை. வகுப்பில் பாடம் சொன்னார். எஞ்சிய நேரத்தில் ஏடுகளை ஒப்பிட்டார். சீவக சிந்தாமணியின் சமயச் செய்திகளை அவ்வூர்ச் சமணரிடம் கேட்டுத் தெளிந்தார். அந்நூல் வெளிவந்தது 1887-இல். ஏழு ஆண்டுகள்! பின்னர்ச் சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல், மணிமேகலை 1898-இல். 1919-இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் பதிப்புப் பணி தொடர்ந்தது. தொழில் சோறு அளித்தது. வேட்கை அத்தொழிலுக்குப் பொருள் அளித்தது.

இவ்விருவர் வாழ்விலிருந்தும் நான் கற்றது இதுவே: நாளின் உழைப்பை அளவுபடுத்துவது வேட்கையைக் குறைப்பதாகாது, அதற்கு நீண்ட ஆயுளைத் தருவதாகும். நான் இரண்டு ஆண்டுகளில் அடைய முயன்றதை ஐந்து ஆண்டுகளில் அடைந்திருந்தால் யாருக்கு என்ன இழப்பு? என் அவசரத்துக்கு உரிய விலையைக் கொடுத்தவன் நான் அல்லன். என்னை நம்பி வந்த மாணவன்.

அளவு என்பதைச் சோம்பலுக்கு மறுபெயராகக் கொள்ளாதீர்கள். டார்வின் தம் நேரத்தைச் சிறிதும் வீணாக்காதவர். ஆயினும் அவருக்கும் ஒரு குறை இருந்தது. இளமையில் தாம் விரும்பிய கவிதையிலும் இசையிலும் பிற்காலத்தில் சுவை அற்றுப்போனதைத் தன்வரலாற்றில் வருத்தத்தோடு கூறுகிறார். மறுமுறை வாழ நேர்ந்தால், வாரம் ஒருமுறையேனும் அவற்றுக்கு நேரம் ஒதுக்குவதை விதியாகக் கொண்டிருப்பேன் என்கிறார். அவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தவருக்கே இந்நிலை என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்!

ஆகவே, நண்பர்களே, பெரிய குறிக்கோளை மேற்கொள்ளுங்கள். உங்கள் மனம் மிகத் தெளிவாக இருக்கும் நேரத்தை அதற்குக் கொடுங்கள். அந்நேரத்தை எவருக்கும் விட்டுக்கொடாதீர்கள். அதுபோலவே பிறருக்கு உரிய நேரத்தையும் வகுத்துக்கொள்ளுங்கள். அதனைக் குறிக்கோளின் பெயரால் பறிக்காதீர்கள்.

நானும் அவ்வாறே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்த பின் மாலையில் ஒரு மணி நேரம் என் அறைக் கதவு திறந்தே இருக்கும். அப்பொழுது எழுதுகோல் மேசைமேல் கிடக்கும். எழுதாத வரி மறுநாள் காலை வரை காத்திருக்கும். ஐயத்தோடு வாயிலில் நிற்கும் மாணவன் அங்ஙனம் காத்திருக்கமாட்டான்.