இலைகள் காட்டும் காற்றின் கேடு

பயிருக்கு வரும் கேட்டை மண்ணிலும் நீரிலும் தேடிப் பார்ப்பது குடியானவர்களின் வழக்கம். காற்றின் வழியாய் வரும் கேட்டை அவ்வளவு எளிதில் எவரும் நினைப்பதில்லை. விழுப்புரம் ஜில்லாவில் திண்டிவனம், வானூர் பக்கங்களில் கருங்கல் ஜல்லி உடைக்கும் இயந்திரங்களும், பல கிராமங்களில் செங்கற் சூளைகளும் நடைபெற்று வருகின்றன. அவற்றின் அண்டையிலுள்ள புன்செய்களில் மணிலாச் செடி வெளிறிக் காணுமிடத்து, இது நோயா, உரக்குறைவா, அல்லது புகையும் புழுதியுமா என்னும் வினா எழுகின்றது. இதற்கு முதல் விடையை இலையே தருகிறது.

முதலில் புழுதியைக் கவனிப்போம். ஜல்லித் தூள் இலைமீது படிந்து வெயிலைத் தடுக்கிறது. சுவாசத் துவாரங்களை அடைத்து இலையின் சூட்டையும் ஏற்றுகிறது. மணிலா இலைக்கு இத்துவாரங்கள் இரு புறத்திலும் இருப்பதால், மேற்புறத்துப் புழுதியும் அதற்குத் தீங்கே. மானாவாரி மணிலா ஆனி, ஆடியில் விதைக்கப்பட்டு ஏறக்குறைய ஒரு மாதத்தில் பூக்கத் தொடங்குகிறது. அப்பொழுது வீசுவது தென்மேற்குக் காற்று. ஆகையால் இயந்திரத்திற்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் உள்ள வயல்களே பூக்கும் பருவத்தில் புழுதியைப் பெறுகின்றன. ஐப்பசிக்குப் பின் வடகிழக்குக் காற்றில் எதிர்ப்புறத்து வயல்களுக்கு முறை வருகிறது.

இப்புழுதியை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. வரப்போரங்களில் தானே வளரும் எருக்கின் அகன்ற இலை இதற்கு மிகவும் ஏற்றது. ஒரே உயரத்தில், ஒரே முதிர்ச்சியுள்ள பத்து இலைகளைப் பறித்து, சுத்தமான நீரில் கழுவி, அந்நீரை வற்ற வைத்து, எஞ்சிய தூளைப் பொற்கொல்லர் தராசில் நிறுக்கலாம். இலைகளைக் கட்டமிட்ட காகிதத்தின்மேல் வைத்து வரைந்தால் பரப்பும் தெரியும். இயந்திரத்திலிருந்து 100, 250, 500, 1,000 மீட்டர் தூரங்களிலும், காற்று வரும் பக்கத்தில் ஓரிடத்திலும் ஒரே நாளில் இவ்விதம் எடுத்துப் பார்க்க வேண்டும். தூரம் கூடக்கூடத் தூள் குறைந்து, எதிர்ப்பக்கத்தில் அற்பமாகவே இருக்குமாயின் அது எங்கிருந்து வருகிறதென்று சந்தேகப்பட இடமில்லை.

புகையின் குறி வேறு. நிலக்கரி முதலியன எரிவதால் உண்டாகும் கந்தக வாயு, நடுவயது இலைகளின் நரம்புகளுக்கு இடையேயுள்ள பாகத்தைத் தந்தநிறமாகவோ பழுப்பாகவோ வெளுக்கச் செய்யும். நரம்புகளோ பசுமையாய் நிற்கும். இவ்வாயுவை முதலில் உணர்ந்து காட்டும் பயிர்களில் ஒன்று நாம் தீவனத்திற்கு இடும் குதிரைமசால். ஒரே மண்ணும் ஒரே நீரும் பெற்ற தொட்டிகள் சிலவற்றில் அதை விதைத்துச் சூளையின் இரு புறத்திலும் வைத்துப் பார்க்கலாம். மரப்பட்டையில் படரும் லைக்கன் என்னும் பாசியினமும் புகை மிகுந்த இடத்தில் மறைந்துவிடும். 1866-ல் பாரிஸ் நகரப் பூங்காவொன்றில் நைலாண்டர் என்பவர் இதைக் கண்டெழுதினார். ஆனால் நமது வறண்ட சமவெளியில் ஈரமின்மையாலும் அது இல்லாதிருக்கலாமாதலால், குதிரைமசாலே நம்பத்தக்கது என்பது எமது கருத்து.

சூளைகள் தை முதல் வைகாசி வரை எரியும் காலம் மாமரம் பூத்துக் காய்க்கும் காலமுமாகும். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் சூளைகளுக்கு அருகிலுள்ள தோப்புகளில் மாம்பிஞ்சின் நுனி முதலில் வெளிறி, பின் கறுத்துக் கெடுவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே அறியப்பட்டுள்ளது. இதற்குக் காரணம் பூச்சியோ பூஞ்சாணமோ அன்று, சூளைப் புகையே. இங்கும் சூளையருகே தோப்புள்ளவர்கள் பிஞ்சுகளின் நுனியைப் பார்த்து வருவது நலம்.

இன்னொன்று, ஓசோன். வாகனப் புகையின்மேல் வெயில் பட்டு உண்டாகும் இவ்வாயு, புகை எழும் இடத்தைவிட்டுப் பல மைல் தள்ளியும் தாக்கும். சென்னை-திருச்சி நெடுஞ்சாலை இப்பகுதியை ஊடறுத்துச் செல்வதை நினைக்க வேண்டும். திண்டிவனம், மரக்காணம் பக்கத்தில் பயிராகும் தர்ப்பூசணி இதற்கு மிகவும் இளைத்தது. முதிர்ந்த இலைகளின் மேற்புறத்தில் மட்டும் சிறு வெண்புள்ளிகள் தோன்றின் ஓசோனைச் சந்தேகிக்கலாம்.

எனினும், கண்ட குறியெல்லாம் புகையென்று கூறுவது தவறு. அது ஆலைக்காரர்க்கும் அநீதியாகும். மணிலாவின் டிக்கா நோய் வட்டமான கரும்புள்ளிகளாய், வயல் முழுதும் திசை பாராமல் பரவும். இரும்புச் சத்துக் குறைவு இளந்தளிரில் தோன்றும். புகைக்காயம் ஒரு திசையிலிருந்து, பலவகைப் பயிர்களையும் களைகளையும் ஒருங்கே தாக்கும். ஐயமிருப்பின், தன் ஊர்ப்பெயரால் டி.எம்.வி. என்று மணிலா ரகங்களுக்குப் பெயரளித்த திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தாரிடம் இலைகளைக் காட்டலாம்.

குறிப்பெழுதி வைப்பதன் பயனுக்கு உலகறிந்த வழக்கொன்று உண்டு. கனடாவில் டிரெயில் என்னும் ஊரின் ஈய, துத்தநாக உருக்காலைப் புகை, எல்லை கடந்து அமெரிக்கப் பண்ணைகளைக் கெடுத்தது. நடுவர் மன்றம் 1938-ல் பயிருக்கும் காட்டுக்கும் நேர்ந்த கேட்டிற்கு 78,000 டாலர் நஷ்டஈடு விதித்தது. நிரூபணம் போதாத பிற கோரிக்கைகளைத் தள்ளிவிட்டது.

ஆகவே தேதி, சர்வே நம்பர், தூரம், காற்றின் திசை, கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவற்றை உடனுக்குடன் எழுதி வைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலுக்காகப் பயிர் பார்வையிடும்பொழுது இக்குறிகளையும் நோக்குவது உதவியாகும். 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கவேண்டியவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார். விழுப்புரத்தில் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. வாயுவின் அளவைக் கருவியே சொல்லும்; அக்கருவியை எவ்விடத்தில் வைப்பதென்பதை இலை சொல்லும். புழுதி படிந்த இலைகளை மழைக்கு முன்பே பறித்துக் காகித உறையிலிட்டு, உறையின்மேல் விவரங்களை எழுதி மனுவுடன் சேர்க்க வேண்டும். மழை பெய்தபின் எடுத்த இலையில் காட்டுவதற்கு ஒன்றுமிராது.