சிறு தோணியை ஆழமற்ற நீரில் நிறுத்தி வைப்பது எப்படி?

நிலத்தை விட்டுவந்த குடும்பங்கள் பல இன்று நீர்த்தேக்கங்களின் ஓரத்திலும் குளங்களின் ஓரத்திலும் வாழ்கின்றன. சிலர் அணைக்கட்டுக்காக நிலத்தைக் கொடுத்தவர்கள். சிலர் கலவரத்திலும் போரிலும் நிலத்தை விட்டு வந்தவர்கள். மண்வெட்டியும் கலப்பையும் பிடித்த கைகள் இப்போது துடுப்புப் பிடிக்கின்றன. துடுப்புப் போடுவதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஆனால் தோணியை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் முறையை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கடற்கரையில் பிறந்தவர்கள் அதைத் தகப்பனிடமிருந்து கற்கிறார்கள். எமது வாசகர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இக்கட்டுரை அதற்காகவே.

அம்பிட்டியவிலிருந்து தலாத்துஓயாப் பக்கம் இறங்கி, மகாவலிப் பள்ளத்தாக்கை நோக்கிப் போனால் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீர் தெரியும். 122 மீற்றர் உயரமான அந்த அணை 1985 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரமும், அதைச் சுற்றியிருந்த வயல்களும் தோட்டங்களும் வீடுகளும் நீரின் கீழ் போயின. தோணியில் போகிறவர் இதை மறக்கக் கூடாது. இங்கே நீரின் அடியில் இருப்பது இயற்கையான குளத்தின் தரை அல்ல. வயல் வரப்பு, கல் அடுக்கிய கட்டு, வீட்டு அத்திவாரம், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. நங்கூரம் போடுகிறவர் அந்தப் பழைய ஊரின் மேல்தான் போடுகிறார்.

தெல்தெனியப் பக்கத்தில் ஒரு நீர்க்கையில் நாம் இதைக் கண்கூடாக அறிந்தோம். எம்மோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். அந்த நீரின் கீழ் அவருடைய வயல் இருக்கிறது. எமது இளைஞர் ஒருவர் நங்கூரத்தைக் கையில் எடுத்தபோது அவர் தடுத்தார். "தம்பி, அங்க போடாதீங்க. அது பலாமரம் நின்ன எடம். போட்டா திரும்பி வராது. இந்தப் பக்கம் வாங்க, இது நம்ம வயலு. சேறு நல்லாப் புடிக்கும்." அவர் சொன்ன இடத்தில் போட்டோம், பிடித்தது. நாற்பது வருடங்களுக்கு முன் உழுத மண்ணை அவர் மறக்கவில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தால், முதல் நாள் அவரைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

இனி நங்கூரத்தின் வேலையைப் பார்ப்போம். பலர் நினைப்பது போல் நங்கூரம் தன் பாரத்தால் மட்டும் தோணியை நிறுத்துவதில்லை. கொளுக்கி நங்கூரம் தரையைக் கிழித்துப் பிடிப்பதால்தான் நிறுத்துகிறது. கலப்பையை நினைத்துப் பாருங்கள். ஏர்க்காலைத் தாழ்வாக வைத்து இழுத்தால் கொழு மண்ணுக்குள் இறங்கும். ஏர்க்காலைத் தூக்கினால் கொழு மேலே வந்துவிடும். நங்கூரமும் அப்படித்தான். கயிறு தரையோடு ஒட்டி இழுத்தால் கொளுக்கி ஆழப் புதையும். கயிறு செங்குத்தாக மேலே இழுத்தால் கொளுக்கி கழன்று வரும். ஆகவே கயிற்றை நீளமாக விடவேண்டும்.

எவ்வளவு நீளம்? நீரின் ஆழத்தையும், நீர் மட்டத்திலிருந்து தோணியின் மூக்கு நிற்கும் உயரத்தையும் கூட்டுங்கள். அதை ஐந்தால் பெருக்குங்கள். ஆழம் 2 மீற்றர், மூக்கின் உயரம் 30 சென்ரிமீற்றர் என்றால் சுமார் பதினொன்றரை மீற்றர் கயிறு வேண்டும். காற்று வீசும் நாளில் ஏழால் பெருக்குங்கள், 16 மீற்றர் ஆகும். காற்றே இல்லாத காலை வேளையில் மூன்று மடங்கு போதும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை இரும்புச் சங்கிலி போட்டால் இழுப்பு மேலும் தாழ்ந்து நிற்கும். நீண்ட கயிற்றில் ஒரு தொல்லையும் உண்டு. காற்று திரும்பும்போது தோணி பெரிய வட்டமாகச் சுற்றும். பக்கத்தில் அடுத்தவரின் வலை கிடந்தால் முதலிலேயே தள்ளி நில்லுங்கள். இல்லையேல் பிடித்த மீனை விடச் சண்டைதான் பெரிதாகும்.

கயிறு 6 முதல் 8 மில்லிமீற்றர் தடிப்புள்ளதாக இருக்கட்டும். அதைவிட மெல்லியது ஈரக் கையை அறுக்கும். நைலோன் கயிறு நீரில் தாழும், இழுபடும், அதனால் அதிர்வைத் தாங்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நீல, பச்சை நிறப் பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். மிதக்கும் கயிறு துடுப்பிலும் வலையிலும் சுற்றிக்கொள்ளும், வெயிலில் நாளடைவில் நொறுங்கியும் போகும்.

கல்லைக் கட்டிப் போடுவது எமது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் கல் நீருக்குள் தன் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். கரையில் 10 கிலோ நிறுத்த கருங்கல் நீருக்குள் ஆறரைக் கிலோவுக்கும் குறைவு. பால்மாத் தகரத்தில் வார்த்த கொங்கிறீட் இன்னும் கூடுதலாக இழக்கும். இரும்பு எட்டில் ஒரு பங்கு அளவே இழக்கும். அதனால்தான் ஒன்றரை அல்லது இரண்டு கிலோ எடையுள்ள மடக்கும் நாற்கொளுக்கி நங்கூரம், தரையில் பிடித்துக்கொண்டால், அதைவிடப் பல மடங்கு பாரமான கல்லின் வேலையைச் செய்கிறது. ஆனால் மென்சேற்றில் அந்த மெல்லிய கொளுக்கிகள் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிவிடும். அகன்ற தகடுள்ள நங்கூரம் அங்கே நல்லது. அதுவும் இல்லாவிட்டால் பாதி மணல் நிரப்பிய சாக்கு ஒன்று. மரக்கட்டையில் சிக்காது, தோணியின் அடியைக் கீறாது, செலவும் இல்லை.

அடுத்து மிக முக்கியமான விடயம். கயிற்றைத் தோணியின் எந்த இடத்தில் கட்டுவது?

மீன் தூண்டிலுக்கு இப்போது சிலர் கயாக் எனும் தோணியைப் பயன்படுத்துகிறார்கள். வடதுருவத்து இனுயிட் மக்கள் தோலால் கட்டிய வேட்டைத் தோணி அது, இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். அதன் அகலம் பெரும்பாலும் ஒரு மீற்றர்கூட இல்லை. பக்க மிதவை இல்லாத சிறு தோணிகளும் அப்படியே. நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கைக்கு எட்டுவது தன் பக்கத்து விளிம்பு. எனவே அங்கேயே கயிற்றைக் கட்டிவிடுகிறார். நாமும் ஒரு முறை அதைத்தான் செய்தோம். காலையில் நீர் கண்ணாடி போல் இருந்தது. பத்து மணிக்குப் பின் காற்று எழுந்தது. காற்று தோணியை ஒரு பக்கமாகத் தள்ள, நங்கூரக் கயிறு காற்று வந்த பக்கத்து விளிம்பைக் கீழே இழுத்தது. அந்தப் பக்கத்தால் அலை ஏறியது. உள்ளே ஏறிய நீர் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடி, விளிம்பை மேலும் தாழ்த்தியது. கத்தி இருந்தது, ஆனால் பைக்குள், பை மூக்கில். எம்மில் இருவர் நீரில் விழுந்தோம். இடுப்பளவு நீர் என்பதால் இன்று இதை எழுத முடிகிறது. சாரம் காலில் சுற்றிக்கொண்ட நிலையில் இடுப்பளவு நீரும் போதுமானது என்பதை அன்று அறிந்தோம். தோணியில் ஏறுமுன் சாரத்தை மடித்து இறுகக் கட்டுங்கள், அல்லது காற்சட்டை போடுங்கள்.

ஆகவே கயிறு மூக்கில் நிற்கவேண்டும். அப்போது தோணி காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும், அலை மூக்கில் பிளந்து போகும். அமைதியான நீரில் வாலிலும் கட்டலாம். நடுவில் ஒருபோதும் கட்டக் கூடாது.

நடுவில் உட்கார்ந்துகொண்டு மூக்கில் எப்படிக் கட்டுவது? எழுந்து மூக்குக்கு நடந்தால் தோணி கவிழும். இதற்கு எளிய வழி உண்டு. கிணற்றுக் கப்பி போலச் சிறு கப்பி ஒன்றை மூக்கிலும் ஒன்றை வாலிலும் பொருத்தி, விளிம்போரமாக ஒரு கயிற்றை வளையமாக ஓடவிடுங்கள். அதில் ஓர் இரும்பு வளையத்தைக் கட்டுங்கள். நங்கூரக் கயிற்றை அந்த வளையத்தினூடாக எடுத்து உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். பிறகு ஓடுகயிற்றை இழுத்தால் வளையம் மூக்குக்குப் போகும், நங்கூரத்தின் இழுப்பும் அங்கே போகும். உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய வேண்டியதில்லை. கப்பி இல்லாவிட்டால் வழுவழுப்பான இரண்டு வளையங்களும் போதும்.

நங்கூரக் கயிற்றை முடிச்சுப் போட்டு இறுக்காதீர்கள். ஒரே இழுப்பில் கழலும் சுருக்குப் போடுங்கள். கயிற்றின் முடிவில் வெறும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை மூடி இறுக்கிக் கட்டி வையுங்கள். ஆபத்து வந்தால் கயிற்றை விட்டுவிட்டு விலகலாம். போத்தல் மிதந்துகொண்டிருக்கும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். கத்தி உங்கள் உடம்போடு இருக்கட்டும். உயிர்காப்பு அங்கி பற்றிப் பலமுறை எழுதிவிட்டோம். அதை ஆசனத்தின் கீழ் வைப்பவர்களுக்காக இன்னொரு முறை எழுதுகிறோம்: அது உடலில் இருந்தால்தான் காக்கும்.

போடும் விதமும் ஒன்று உண்டு. நிற்க விரும்பும் இடத்தைக் கடந்து காற்று வரும் திசையில் மேலே போங்கள். மூக்கைக் காற்றுக்குத் திருப்பி, நங்கூரத்தைக் கைக்குக் கை மெதுவாக இறக்குங்கள். எறியாதீர்கள். ஆழமற்ற நீரில் அந்தச் சத்தம் கேட்டதும் மீன் போய்விடும். திலாப்பியா கரையோரத் தரையில்தான் குழி பறித்துக் கூடு அமைக்கிறது. காற்று தோணியைப் பின்னே தள்ளட்டும், நீங்கள் கயிற்றை விட்டுக்கொண்டே போங்கள். அளவு வந்ததும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பின் கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னே ஒரு கூரையையும் ஒரே கோட்டில் பார்த்து வையுங்கள். சற்று நேரத்தில் அந்தக் கோடு விலகி, திரும்பிச் சேராவிட்டால் நங்கூரம் இழுபடுகிறது.

நீர் ஒன்றரை மீற்றருக்கும் குறைவாகவும் தரை சேறாகவும் இருந்தால் நங்கூரமே தேவையில்லை. இரண்டரை மீற்றர் மூங்கில் கம்பைக் கூராக்கிச் சற்றுச் சாய்வாகச் சேற்றில் ஊன்றி, மூக்கைக் குட்டைக் கயிற்றால் அதில் கட்டுங்கள். சத்தமில்லை, சுற்றுவதில்லை. வயலாக இருந்த இடத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. இரு முனையிலும் கம்பு ஊன்றித் தோணியைக் கட்டில் போல் அசையாது வைப்பவர்களும் உண்டு. காற்றில்லாத வேளையில் மட்டும் செய்யுங்கள். தோணி காற்றுக்குத் திரும்ப முடியாமல் போனால் பழைய கதைதான்.

நங்கூரம் அடிக்கட்டையில் சிக்கினால் என்ன செய்வது? முன்கூட்டியே இதைச் செய்து வைக்கவேண்டும். கயிற்றை அல்லது சங்கிலியை நங்கூரத்தின் மேல் வளையத்தில் கட்டாமல், கொளுக்கிகள் சேரும் அடிப்பக்கத்தில் கட்டுங்கள். பின் அதைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தில் மெல்லிய நூலால் மட்டும் பிணையுங்கள். சாதாரண இழுப்பை நூல் தாங்கும். சிக்கிய நேரத்தில் பலமாக இழுத்தால் நூல் அறும், நங்கூரம் அடிப்பக்கமாக, பின்புறம் இழுபட்டு வெளியே வரும். நூல் எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்பதைக் கரையில் இழுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இழுக்கும்போது எழுந்து நிற்கவேண்டாம், பக்கவாட்டில் சாயவும் வேண்டாம். தாழ உட்கார்ந்து மூக்கின் வழியாக இழுங்கள். வராவிட்டால் கயிற்றை வெட்டிவிடுங்கள். ஒரு நங்கூரத்தின் விலை பெரிதல்ல.

நங்கூரமே போடக்கூடாத இடங்களும் உண்டு. ஆறு வந்து நுழையும் வாயில்களில், குறிப்பாக ஹுலு கங்கை போன்றவை மலைமழையில் பெருகும்போது, நிற்காதீர்கள். நீரோட்டம் இரு மடங்கானால் தோணியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கட்டுண்ட தோணி அப்போது மூக்கோடு நீருக்குள் இழுபடும். அணைக்கு அருகேயும் சுரங்க வாயிலுக்கு அருகேயும் போகவே கூடாது. விக்டோரியாவின் வான்கதவுகள் நீர் நிறைந்ததும் தாமே திறந்துகொள்ளும் வகையைச் சேர்ந்தவை, யாரும் வந்து உங்களைப் பார்த்துவிட்டுத் திறப்பதில்லை. ஆனி, ஆடியில் மலை தாண்டி வரும் வறண்ட காற்று வீசும் நாட்களில் முற்பகலுக்குள் கரை திரும்புங்கள்.

அனுமதிப்பத்திரம் பற்றியும் கேட்கிறீர்கள். 1990 முதல் 1994 வரை உள்நாட்டு மீன்பிடிக்கு அரச ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தது. பின்னர் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நக்டா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அதிகார சபை உருவானது. தோணி வாங்குமுன் அதன் மாவட்ட அலுவலரையும் உங்கள் பகுதி மீனவர் சங்கத்தையும் கண்டு பேசுங்கள்.

இரவில் தோணியை விட்டுச் செல்லும்போது ஒரு விடயம் கவனிக்கவும். இது மின்சாரத்துக்கான நீர்த்தேக்கம். நிறைந்த மட்டம் கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றர், ஆனால் மின் உற்பத்திக்கு ஏற்ப நீர் ஏறும், இறங்கும். கரை தட்டையான இடத்தில் மட்டம் ஒரு முழம் இறங்கினாலே நீர் பல மீற்றர் தூரம் விலகிப் போகும். குட்டைக் கயிற்றில் மரத்தோடு கட்டிய தோணி காலையில் சேற்றில் சாய்ந்து கிடக்கும். மழையில் நீர் ஏறினால் அதே குட்டைக் கயிறு மூக்கை நீருக்குள் இழுத்து அமிழ்த்தும். நீண்ட கயிற்றில் கட்டுங்கள். முடிந்தால் இருவர் சேர்ந்து தோணியை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்து வையுங்கள். துடுப்பை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள், பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்துவிடுவார்கள்.