மறு கன்னத்தைக் காட்டுதல்

மறு கன்னத்தைக் காட்டுதல் என்பது, தமக்கு அநியாயம் செய்தவரைப் பழிவாங்காமல் விடுவது பற்றி இயேசு தந்த அறிவுரையைக் குறிக்கும் வழக்கு. மத்தேயு நற்செய்தியில் மலைப்பொழிவின் பகுதியாகவும் (5:38-42), லூக்கா நற்செய்தியிலும் (6:29) இது இடம்பெறுகிறது. அடித்தால் வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் இருப்பதே இதன் பொருள் எனப் பலர் கருதுகின்றனர். விவிலியத்தைத் தொடர்ந்து படிப்பவருக்கு அந்தப் பொருள் போதாது.

பின்னணி

கண்ணுக்குக் கண் என்னும் பழைய சட்டம் (விடுதலைப் பயணம் 21:24) பழிவாங்கத் தூண்டியது அன்று. இழந்ததற்கு மேல் எடுக்காதே என்று பழிக்கு எல்லை கட்டியது. அந்த எல்லைக்குள் கிடைக்கும் பழியையும் விட்டுவிடச் சொல்கிறார் இயேசு.

மத்தேயு "வலது" கன்னம் என்று குறிப்பிட்டே எழுதுகிறார். எதிரில் நிற்பவரின் வலது கன்னத்தில் வலக்கையால் அறைவதானால் புறங்கையால்தான் அறைய முடியும். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்ட நூல், கன்னத்தில் அறைந்தவருக்கு 200 சூஸ் வெள்ளிக்காசும், புறங்கையால் அறைந்தவருக்கு 400 சூஸும் இழப்பீடாக விதிக்கிறது. புறங்கை அறையில் வலி குறைவுதான்; அவமானம் இரு மடங்கு. ஆகவே இங்கே பேசப்படுவது உயிரைப் பறிக்கும் தாக்குதல் அன்று, ஒருவரைச் சிறுமைப்படுத்தும் செயல் என்று விளக்குவோர் உண்டு. அது பொருத்தமாகவே படுகிறது.

அதே பகுதியில் வரும் இரண்டாவது மைலும் இத்தகையதே. ரோமப் படைவீரர் வழியில் போகிறவரைப் பிடித்துச் சுமை தூக்க வைக்கலாம். சீரேன் ஊர் சீமோனைச் சிலுவை சுமக்கவைத்ததைச் சொல்லும்போதும் (மத்தேயு 27:32) அதே கிரேக்க வினைச்சொல்தான் வருகிறது. முதல் மைல் கட்டாயம். அடுத்தது நடப்பவரின் சொந்த விருப்பம்.

இயேசுவும் பவுலும்

விசாரணையின்போது காவலன் ஒருவன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. மறு கன்னத்தைத் திருப்பியதாகவும் யோவான் எழுதவில்லை. தாம் தவறாகப் பேசியிருந்தால் எடுத்துக்காட்டும்படியும், இல்லையென்றால் அடித்தது ஏன் என்றும் கேட்டார் (யோவான் 18:22-23).

பிலிப்பி நகரில் பவுலும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் தள்ளப்பட்டனர் (திருத்தூதர் பணிகள் 16). இரவில் நிலநடுக்கத்தால் கதவுகள் திறந்தபோதும் அவர்கள் ஓடவில்லை. கைதிகள் தப்பிவிட்டதாக எண்ணித் தன்னையே மாய்த்துக்கொள்ள வாளை உருவிய சிறைக்காவலரைப் பவுல் கூவித் தடுத்தார். விடிந்ததும் சத்தமில்லாமல் விடுவிக்க ஆள் வந்தது. பவுல் மறுத்துவிட்டார். ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் பொது இடத்தில் அடித்தவர்கள், தாங்களே வந்து வெளியே அழைத்துச் செல்லட்டும் என்றார். நடுவர்கள் அஞ்சி, நேரில் வந்து கெஞ்சினர். காவலருக்கு இரக்கம், அதிகாரிகளுக்குக் கேள்வி. இரண்டும் ஓர் இரவுக்குள், ஒரே மனிதரிடமிருந்து.

பயன்பாடு

இந்த அறிவுரை அடிபட்டவரை நோக்கிச் சொல்லப்பட்டது. அடிப்பவரோ, வேடிக்கை பார்ப்பவரோ அதை எடுத்துச் சொல்லும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் பொறுத்துப்போகச் சொல்ல இதையே மேற்கோள் காட்டுவதுண்டு. அடியைத் தாங்கிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்று இப்பகுதி எங்கும் கூறவில்லை.

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் 5 அன்று கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினர். 1956 ஜனவரி 30 இரவு, அதை வழிநடத்திய போதகர் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. உள்ளே இருந்த மனைவியும் கைக்குழந்தையும் உயிர் தப்பினர். ஆயுதங்களோடு திரண்ட கூட்டத்தை, பகைவரையும் நேசிக்க வேண்டும் என்று சொல்லிக் கிங் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த இரண்டாம் நாள், பிப்ரவரி 1 அன்று, பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினப் பெண்கள் சிலர் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றது. 381 நாள்களுக்குப் பிறகு மக்கள் மீண்டும் பேருந்தில் ஏறினர். இம்முறை விரும்பிய இருக்கையில் அமர்ந்தனர்.