தோளைக் காக்கும் தளர்ந்த உறை

பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று வீச்சு வலை எறியும் மீனவரின் கை, பின்னே சென்று, உடலோடு சுழன்று, தோளுக்கு மேலெழுந்து, ஈயக்குண்டுகளின் பாரத்தையெல்லாம் ஒரு கணத்தில் விடுவிக்கிறதே, அத்தனை சுதந்திரம் உடலின் வேறெந்த மூட்டுக்கும் வாய்க்கவில்லை.

இடுப்பு மூட்டில் எலும்பின் தலை ஆழமான குழியில் அமர்ந்திருக்கிறது. தோளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் எந்த நிலையிலும் தோள்பட்டைக் குழியைத் தொட்டிருக்கும். அதைச் சூழ்ந்த மூட்டுறையோ, தசைகளை அகற்றிவிட்டால் இரு எலும்புகளையும் ஓரங்குலத்துக்கு மேல் விலக்கலாம் என்னும்படி தளர்ந்தது. ஆயினும் அது பழுதற்று மூடியிருக்கும் வரை உள்ளழுத்தம் குறைந்தே இருப்பதால், வெளிக்காற்றின் அழுத்தமே எலும்பைக் குழியோடு சேர்த்துப் பிடிக்கிறது. 1985இல் சிங்கப்பூர் ஆய்வாளர்களான குமாரும் பாலசுப்பிரமணியமும் பிரேதங்களின் மூட்டுறையைத் துளைத்துக் காற்றைப் புகவிட்டபோது எலும்புத் தலை கீழே சரிந்ததைக் கண்டார்கள்.

அவ்வுறையின் தடித்த பகுதிகளே இணைநார்கள். கை தொங்கும்போது மேல்நார் இறுகி எலும்பு கீழிறங்காமல் தடுக்க, கீழ்நார் அக்குளில் மடிந்து கிடக்கிறது; கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பியதும், நீரோட்டம் இழுக்கையில் விறைக்கும் நங்கூரக் கயிற்றைப் போல், அந்தக் கீழ்நாரே மூட்டின் முன்புறம் குறுக்கே இறுகி, எலும்புத் தலை முன்னே நழுவாமல் காக்கிறது. இடைப்பட்ட அசைவுகளில் பொறுப்பு பெரும்பாலும் தசைகளுடையது.

கை உயர்ந்து வெளிப்புறம் திரும்பியிருக்கும் நிலையில் படகு ஆடிக் கால் தவறினாலோ, ஊன்றிய கழி சட்டென்று பின்னிழுத்தாலோ, கீழ்நார் தன் வேரோடு, அதாவது குழியின் முன்விளிம்பிலுள்ள குருத்தெலும்பு வளையத்தோடு, பெயர்ந்துவிடக்கூடும். லண்டன் அறுவை மருத்துவர் பாங்கார்ட் 1923இல் விவரித்த காயம் இதுவே. பெயர்ந்த நார் உரிய இடத்தில் ஒட்டாமற் போவதால்தான், இளவயதில் ஒருமுறை இறங்கிய தோள் பின்னர் சிறு காரணத்துக்கும் இறங்குகிறது.

தோள் இறங்கியவரின் கையை அண்டையிலிருப்போர் பிடித்து இழுத்துவிடுவது, எவ்வளவு அன்பினால் செய்யப்பட்டாலும், மிகவும் தவறானது. எலும்பு முறிந்திருக்கலாம், அருகில் ஓடும் நரம்பு நசுங்கலாம். பொன்னேரிக்கோ சென்னைக்கோ சென்று எக்ஸ்ரே எடுத்த பிறகே மூட்டைச் சேர்க்கவேண்டும். அதைவிடக் கடினம் பிந்தைய ஓய்வு. முறைவைத்து நீரைப் பகிரும் ‘பாடு’ வழக்கத்தில் தம் வீட்டுக்குரிய நாள் வரும்போது, கையைக் கட்டிக்கொண்டு கரையில் நிற்க எவருக்கு மனம் வரும்? வலி சில நாட்களில் அடங்கிவிடும். நாரோ பல வாரம் கேட்கும். கட்டை அவிழ்க்க மருத்துவர் இசைந்தபின், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு மடியில் வலை பழுதுபார்ப்பதில் கீழ்நாருக்கு இழுப்பில்லை. கையை உயர்த்திப் பின்னே திருப்பும் வீச்சு மட்டும், தோளின் தசைகள் பயிற்சியால் வலுப்பெறும் வரை பொறுத்திருக்கவேண்டும்.